மாமா கேட்ட ரெண்டு கேள்வி

உங்க ஹாஸ்டல் கொடியில் இந்த டீ-ஷர்ட்டைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. கருப்புத் துணி, நடுவில் வெள்ளையில் ஒரு வட்ட முத்திரை, அதற்குள் ஒரு கழுகு, மேலே 'ராமோன்ஸ்' என்று பெரிய எழுத்து. போட்டிருப்பவரிடம் அது என்னன்னு கேட்டால் பாதிப் பேர் ஏதோ பிராண்டுன்னு சொல்லுவாங்க. எங்க அருள்புரத்தில் அதே டிசைனை மேஜையில் துணி விரித்துக் கையால் பிரிண்ட் அடித்த ஒருத்தர் இருக்கிறார். அம்மாவின் தம்பி, என் மாமா. அவருக்கு அது பிராண்டு இல்லை. அம்பது வயசு தாண்டியும் தினமும் கேட்கிற பாட்டு.

ராமோன்ஸ் யாருன்னு முதல்ல சொல்லிடறேன். 1974-ல் நியூயார்க்கில் சேர்ந்த நாலு பேர். அண்ணன் தம்பி கிடையாது, ஆனாலும் எல்லாரும் பெயருக்குப் பின்னால் 'ராமோன்' என்று போட்டுக்கொண்டார்கள். 1976-ல் வந்த முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. மொத்தமும் முப்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். பங்க் என்கிற இசை வகை அங்கிருந்துதான் வேகம் எடுத்தது. 1996-ல் குழுவைக் கலைத்தார்கள். ஆரம்பத்தில் இருந்த நாலு பேரும் 2014-க்குள் இறந்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் மாமா ஒரு பிரிண்டிங் பட்டறையில் ஹெல்பர். கருப்புத் துணியில் வெள்ளை ஒரே இழுப்பில் நிற்காது. ஒரு தடவை அடித்து, சூடு காட்டிக் காயவைத்து, மறுபடி அதே இடத்தில் அடிக்கணும். அப்படி அந்தக் கழுகை நூற்றுக்கணக்கில் அடித்தார். கழுகின் ஒரு காலில் இருக்கிற பேஸ்பால் மட்டையை உருட்டுக்கட்டைன்னு நினைச்சாராம். "யாருடா இவங்க, கழுகு கையில கட்டையக் குடுத்துட்டாங்கன்னு சிரிச்சேன் கண்ணு" என்பார். ஆர்டர் பார்க்க வந்த ஆள் ஒருத்தர் போகும்போது விட்டுப்போன கேசட்தான் முதல் அறிமுகம். "பாட்டு மாதிரியே இல்ல. பத்துத் தறி ஒண்ணா ஓடற மாதிரி இருந்துது. அதான் புடிச்சுப்போச்சு." பல்லடம் ரோட்டில் பிறந்து வளர்ந்தவருக்குத் தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி.

மாமா எட்டாவது வரைதான் படித்தார். நான் இங்கிலீஷ் மீடியம். அதனால் ஆறாவது படிக்கும்போதே அந்தப் பாட்டுக்கெல்லாம் அர்த்தம் சொல்லுகிற வேலை எனக்கு வந்தது. பெரிய புரட்சி எதுவும் இல்லை. பாதிக்கு மேல் விளையாட்டுத்தனம். "இதுக்கா இத்தன வேகம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி அதையே போட்டார்.

வார்த்தையில் இல்லாததை அவர் எங்கே பிடித்தார் என்று எனக்குக் காலேஜ் வந்த பிறகுதான் புரிந்தது. லண்டனில் மார்க் பெர்ரி என்று ஒரு பேங்க் கிளார்க், இருபது வயசுகூட ஆகாதவர். ராமோன்ஸ் கேட்ட வேகத்தில் 1976-ல் 'ஸ்னிஃபின் க்ளூ' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். டைப்ரைட்டரில் தட்டுவது, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவில் எழுதுவது, ஜெராக்ஸ் எடுத்து விற்பது, அவ்வளவுதான். பங்க்கில் இதுதான் முக்கியம்: கொஞ்சம் தெரிஞ்சதும் ஆரம்பிச்சுடு, யாரிடமும் அனுமதி கேட்காதே, தெரிஞ்சதை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடு.

மாமாவின் பட்டறையில் இது தினமும் நடக்கிறது. தகரக் கூரை, நாலு மேஜை, ஆறு பேர். காலையில் டீ குடித்துவிட்டு ஒரு காதில் இயர்போனோடு ஸ்கிரீன் கழுவ உட்கார்ந்துவிடுவார். முட்டி வலி, சர்க்கரை எல்லாம் உண்டு. யார் வேலை கேட்டு வந்தாலும் ஸ்கிரீன் கோட்டிங் முதல் கலர் கலக்குவது வரை ஒளிக்காமல் சொல்லிக் கொடுப்பார். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு அண்ணன் அப்படிக் கற்றுக்கொண்டு, ரெண்டு தெரு தள்ளித் தனியா மேஜை போட்டார். மாமாவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஜாப் ஒர்க் அங்கே போய்விட்டது. அத்தைக்கு இன்னும் கோபம். மாமாவோ அவருக்கு அவசரத்துக்கு ஸ்கிரீன் கடன் கொடுக்கிறார். "நானும் அப்படித்தான் தனியா வந்தேன்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வார்.

இன்னொரு பிடிவாதம், தண்ணி. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் போட்ட துணி வராமல் பிரிண்டிங் மேஜைகளும் காலி. அந்த மாதங்களில் மாமா நகையை அடகு வைத்துத்தான் சனிக்கிழமை கூலி கொடுத்தார். ஆனாலும் தீர்ப்பைத் திட்டியதில்லை. அன்றிலிருந்து ஸ்கிரீன் கழுவுகிற தண்ணியைச் சாக்கடையில் விடுவதில்லை. டிரம்மில் பிடித்துக் காசு கொடுத்துச் சுத்திகரிப்புக்கு அனுப்புகிறார். இந்தச் செலவால் அவர் சொல்லுகிற ரேட் பீஸுக்குச் சில பைசா அதிகம். அந்தப் பைசாவுக்காகவே ஆர்டர் கைமாறியிருக்கிறது.

இயன் மெக்காய் பற்றி ஒருநாள் மாமாவிடம் சொன்னேன். 1962-ல் பிறந்தவர், 1980-ல் வாஷிங்டனில் நண்பர்களோடு ஆரம்பித்த டிஸ்கார்ட் என்கிற சின்ன ரெக்கார்டு கம்பெனியை விற்காமல் நடத்திவருகிறவர். அவருடைய ஃபுகாஸி குழு டிக்கெட்டை 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தது. டீ-ஷர்ட் விற்கவே மாட்டோம் என்றும் சொல்லிவிட்டது. மாமா ரொம்ப நேரம் சிரித்தார். "நல்ல மனுசன்தான். ஆனா எல்லாரும் அவரு மாதிரி இருந்துட்டா நம்ம மேஜை காலி கண்ணு."

எனக்குப் பிடித்தது இந்தப் பதில்தான். பாட்டே கேட்காதவங்க அந்தக் கழுகைப் போட்டுக்கொண்டு திரிவதில் அவருக்குக் கவலை இல்லை. துணி விற்கிற சரக்கு, போடறவங்க போடட்டும். கூலி, தண்ணி, சொல்லிக் கொடுக்கிறது, இந்த மூன்றிலும் மட்டும் இறங்கி வரமாட்டார். இருபத்திமூன்று வயசில் எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்கிறார் என்று அத்தை சலித்துக்கொள்வார். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும்.

இதை ஹீரோ கதையாக்கி முடிக்க ஆசைதான். ஆனால் பக்கத்திலேயே ஆட்டோமேட்டிக் மெஷின் வந்தாச்சு. நாலு மேஜையில் ரெண்டு இப்போதே மூடிக் கிடக்கிறது. இன்னும் ரெண்டு வருஷம் ஓடினால் பெரிது என்று அவரே சொல்கிறார்.

போன மாசம் எனக்கு பிளேஸ்மென்ட் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாங்க. மாமா மட்டும் ரெண்டு கேள்வி கேட்டார். "அங்க வேல சொல்லிக் குடுக்கறாங்களா? மனசுக்கு ஒப்பாததச் செய்யச் சொன்னா, முடியாதுன்னு சொல்லலாமா?" முதல் கேள்விக்கு, மூணு மாசம் ட்ரெயினிங்னு சொன்னேன். ரெண்டாவது கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆஃபர் லெட்டரை ரெண்டு தடவை படித்தும் பார்த்துட்டேன்.

உங்களுக்கு ஆஃபர் வந்தால் நீங்களும் இந்த ரெண்டையும் கேட்டுப் பாருங்க. பதில் கிடைத்தால் அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்க. ஒற்றுப்பிழை இருந்தா பரவாயில்லை. எனக்கும் எடிட்டர்தான் திருத்தறாங்க.