மந்திரமும் தாரமும்

தலைப்பைப் பார்த்ததும், தாரத்தை வசப்படுத்த ஏதோ மந்திரம் சொல்லப் போகிறேன் என்று எந்த நேயராவது நம்பியிருந்தால் அவருக்கு ஏமாற்றந்தான். அத்தகைய மந்திரம் தெரிந்திருந்தால் என் வீட்டிலேயே பிரயோகித்திருப்பேன். கட்டுரை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நான் சொல்ல வந்தது இரண்டு குமிழ்களின் விருத்தாந்தம். 'பாஸ்', 'ட்ரெபிள்' என்று உலகம் சொல்லும் அவற்றுக்கு மந்திரம், தாரம் என்று நான் பெயரிட்டிருக்கிறேன். சங்கீத வித்வான்கள் மன்னிப்பார்களாக.

என் தகப்பனாருக்கு வயது எண்பதுக்கு மேல். பழைய இசைத்தட்டுகளிலிருந்து பிரதி எடுத்த கீர்த்தனங்களை அவர் கேட்பதற்காக, நானே ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்திருந்தேன். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய எல்.எம். 386 என்னும் எட்டுக்கால் சில்லு, நாலைந்து கண்டென்ஸர்கள், ஒரு ஸ்பீக்கர், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு குமிழ் - இவ்வளவுதான் அதன் சம்பத்து.

"பாட்டு நன்றாய்க் கேட்கிறது; சாகித்தியந்தான் கேட்கவில்லை. அந்த நாளிலேயே பாடகர்கள் வார்த்தையை விழுங்க ஆரம்பித்துவிட்டார்களடா!" என்றார் அப்பா. குமிழை முழுவதும் திருப்பினார். தெருவுக்கே பாட்டுக் கேட்டது. சாகித்தியம் மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. பிறகு, வீட்டிலுள்ள நாங்கள் எல்லோருமே முணுமுணுக்கிறோம் என்று குற்றம் சாட்டினார். சில நாளில் பெட்டியைத் தொடுவதையே விட்டுவிட்டார். மாலை வேளைகளில் அவருடைய பேச்சும் குறைந்துபோயிற்று. எனக்குக் கவலை அளித்தது அதுதான்.

வைத்தியர் காரணத்தை விளக்கினார். முதுமை காதின் சக்தியை ஒரே சீராகக் குறைப்பதில்லை. உச்சமான ஒலிகளையே முதலில் கவர்ந்துகொள்கிறது. ஆ, ஓ முதலிய உயிரொலிகளின் பலமெல்லாம் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது. ச, த, ட போன்ற எழுத்துக்களைத் தெளிவாக்குபவை மேலேயுள்ள மெல்லிய ஒலிகள். அவை தேய்ந்துபோனால் சாகித்தியமெல்லாம் வெறும் ஆலாபனையாகிவிடும். சத்தத்தைக் கூட்டினால் உயிரெழுத்துக்கள் இடி முழக்கம் செய்யுமே தவிர, மெய்யெழுத்துக்கள் தலை காட்டமாட்டா. காதுக் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார் வைத்தியர். "யோசிக்கலாம்" என்றார் அப்பா. அவருடைய அகராதியில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம்.

ஆகவே, மேல் ஒலியை மட்டும் தனியே உயர்த்த வழி தேடினேன். இந்த வித்தையின் ரகசியம் கண்டென்ஸரில் இருக்கிறது. அது உயர்ந்த ஒலிகளைச் சுலபமாக உள்ளே விடும். தாழ்ந்தவற்றை வாசலிலேயே தடுக்கும். 0.01 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர் ஒன்று, விநாடிக்கு 1,000 அதிர்வுள்ள ஒலிக்குச் சுமார் 16,000 ஓம் தடை விதிக்கிறது. 10,000 அதிர்வுள்ளதற்கு அதில் பத்தில் ஒரு பங்குதான். இத்தகைய கண்டென்ஸர்களையும் ரெஸிஸ்டர்களையும் இரண்டு குமிழ்களுடன் பின்னி, சில்லுக்கு முன்னால் வைத்தேன்.

இதற்கு ஒரு வரி செலுத்தியாக வேண்டும். குமிழ்கள் நடுவில் நிற்கும்போது, உள்ளே வரும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே வெளியே வரும். உண்மையில் இந்தக் குமிழ் எதையும் உயர்த்துவதில்லை. எல்லாவற்றையும் தாழ்த்திவிட்டு, வேண்டியதைச் சற்றுக் குறைவாகத் தாழ்த்துகிறது! பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கில எஞ்சினீயர் 1952-ஆம் வருஷம் 'வயர்லெஸ் வோர்ல்டு' பத்திரிகையில் இந்த நஷ்டமில்லாத முறை ஒன்றை வெளியிட்டார். ஆனால் அதற்குப் பெருக்கும் உறுப்பு இன்னொன்று வேண்டும். என் எட்டுக்கால் சில்லிலோ வேறு உபாயம் இருந்தது. அதன் 1-ஆம் காலையும் 8-ஆம் காலையும் 10 மைக்ரோஃபாரட் கண்டென்ஸரால் இணைத்தால், 20 மடங்காக இருந்த பெருக்கம் 200 மடங்காகிவிடும். இழந்த பத்து மடங்கு அப்படியே திரும்பி வந்தது.

தாரக் குமிழை வலப்பக்கம் திருப்பினேன். அப்பா சற்று நேரம் பேசாமல் கேட்டார். "பரவாயில்லையே! இவர் விழுங்கவில்லை" என்றார்.

ஆனால் அடுக்களையிலிருந்து என் மனைவி வந்துவிட்டாள். "மாமா, பாட்டை விடக் கடுகு வெடிக்கிற சத்தந்தானே அதிகமாயிருக்கிறது?" என்றாள். இசைத்தட்டு தேய்ந்த இரைச்சலும் மேல் ஒலிதான். சாகித்தியத்தோடு அதுவும் உயர்ந்துவிட்டது.

"எந்தச் சத்தம்?" என்று கேட்டார் அப்பா.

அவருக்கு அது கேட்கவே இல்லை. ஒரே பெட்டி, ஒரே பாட்டு. ஒருவருக்குச் சாகித்தியம், மற்றவருக்குத் தாளிதம். ஒலியை உள்ளது உள்ளபடியே கேட்க வேண்டும், குமிழைத் தொடுவதே அபசாரம் என்று சாதிக்கும் ரஸிகர்கள் உண்டு. உள்ளது உள்ளபடி என்பது யாருடைய காதில் என்று அவர்களைக் கேட்கத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் இப்போது அப்பா கேட்கும்போது குமிழ் வலப்பக்கம். அவர் எழுந்து போனதும் இடப்பக்கம். சண்டை இல்லை.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. வயதானவர்களிடம் நாம் உரக்கக் கத்திப் பேசுகிறோம். அது சத்தக் குமிழை மட்டும் திருப்புகிற காரியம்; உயிரெழுத்துத்தான் முழங்கும். எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாக எழுத்துக்களை உச்சரித்தால் பாதிக் குரலிலேயே விஷயம் போய்ச் சேருகிறது. மனிதர் வாய்க்குத் தாரக் குமிழ் வைக்கப்படவில்லை. அந்த வேலையை நாமேதான் செய்ய வேண்டியிருக்கிறது.