காயும் வரை

கோட்டூர்புரம், டிசம்பர் 3, 2015

மாடி வீட்டு மாமியின் ஹாலில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. செவ்வாய் ராத்திரி அடையாறு தெருவுக்குள் வந்தபோது கையோடு எடுத்தது பாஸ்போர்ட், மாத்திரை டப்பா, இந்த நோட்டு. கிராண்ட் பியானோவை எங்கே தூக்குவது? "நாலு செங்கல் வெச்சு ஏத்திடலாமாம்மா?" என்று வாட்ச்மேன் மட்டும் கேட்டார். அதற்குள் முழங்கால் வரை தண்ணீர்.

டிசம்பர் 4

வடிகிறது. நான் கீழே போகவில்லை.

டிசம்பர் 5

போனேன். சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. அதே கோடு பியானோவின் உடம்பிலும். நடு சி-யை அழுத்தினேன். இறங்கிய கட்டை திரும்ப எழும்பவில்லை. பக்கவாட்டு வெனீர் அப்பளமாகப் பொரிந்து நிற்கிறது. டீசலும் சாக்கடையும் கலந்த நாற்றம்.

தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழையாம். ஊரில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஆற்றோரக் குடிசைகள் போன இடம் தெரியவில்லை. நான் ஒரு வாத்தியத்துக்கு அழுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. இருந்தும் அழுதேன்.

டிசம்பர் 8

டியூனர் வந்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசவில்லை. டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு, குனிந்து சவுண்ட்போர்டை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். மாமி அன்போடு கொண்டுவந்து வைத்திருந்த பெடஸ்டல் ஃபேனைப் பார்த்ததும் பிளக்கைப் பிடுங்கினார்.

"நனையறப்போ சாகாது மேடம். காயறப்போதான் சாகும்."

ஊறிப் பருத்த மரம் அவசரமாகக் காய்ந்தால் பிளந்துவிடும், ஒட்டும் விட்டுவிடும். இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். எல்லாம் சேர்ந்து இழுப்பது 15, 20 டன். அந்த இழுப்பை வார்ப்பிரும்புச் சட்டம் தாங்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முறுக்காணிகளைப் பிடித்திருப்பது ஒரு மரப்பலகை. அது தளர்ந்தால் எத்தனை முறை சுருதி கூட்டினாலும் நிற்காது. கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு இறங்கியது. வெளிச்சம் ஆடுகிறது மேடம் என்றார்.

மூன்று மாதம் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியுமாம்.

டிசம்பர் 9

ஒரு மாணவனின் அம்மா போன் செய்தார். "மிஸ், கிரேடு எக்ஸாமுக்கு ஃபீஸ் கட்டியாச்சே, கிளாஸ் எப்போ?" வீட்டில் தண்ணீர் வந்ததா என்றுகூடக் கேட்கவில்லை. நாளைக்கு அனுப்புங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். எதில் சொல்லிக்கொடுப்பது?

டிசம்பர் 10

மாமியின் சாப்பாட்டு மேஜையில்.

பாக் தன் மாணவர்களுக்கென்று எழுதி 1723-ல் தொகுத்த இன்வென்ஷன்களில் முதலாவது, சி மேஜர். வலது கை சொல்வதை இடது கை பின்னாலேயே வந்து சொல்லும். பையன் மரத்தில் தட்டிக்கொண்டு போனான். நகச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஜி மேஜருக்குத் திரும்பும் இடத்தில், "எஃப் ஷார்ப்" என்றேன். அவன் கையை எடுத்துவிட்டு மேஜையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எப்படி மிஸ் தெரிஞ்சுது?"

சமையலறையிலிருந்து மாமி சிரித்தார். அப்புறம்தான் கவனித்தேன், அவன் தோள்பட்டை காது வரை ஏறியிருந்தது. இரண்டு வருடமாக என்னிடம் கற்கிறான்.

டிசம்பர் 13

மெத்தைகளை எறிந்தாயிற்று. ஷூபர்ட்டைத் துணிக்கொடியில் தாள் தாளாகக் காயப்போட்டிருக்கிறேன். கிளிப் போதவில்லை.

டிசம்பர் 20

ஜனவரிக் கச்சேரியைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்றேன், ஏதோ வீம்பில். பழக இடம்? அண்ணா நகரில் தோழியின் அப்ரைட், தினமும் ஒரு மணி நேரம். போக வர அதைவிட அதிகம்.

வாசிக்கவேண்டியது ஷூபர்ட்டின் பி ஃப்ளாட் சொனாட்டா. 1828 செப்டம்பரில் முடித்தார். நவம்பரில் 31 வயதில் போய்விட்டார். பிரார்த்தனை போல நிதானமாக ஒரு மெட்டு தொடங்கும். எட்டாவது பாரில் இடது கை அடியாழத்துக்குப் போய் ஜி ஃப்ளாட்டில் ஒரு ட்ரில், மிகமிக மெல்ல. அதற்குப் பின் மௌனம். என் ட்ரில் எப்போதும் கனத்துவிடும். மேடையில் அந்த இடம் நெருங்கும்போதே தோள் இறுகும்.

இன்று அந்தப் பையன் வீட்டுக்கே போய்க் கிளாஸ் எடுத்தேன். 61 கட்டை கீபோர்டு. கிளாஸ் முடிந்ததும் ஆசைக்கு ஷூபர்ட்டைத் தொடங்கினேன். எட்டாவது பாரில் கட்டை தீர்ந்துபோயிற்று. அந்த ஜி ஃப்ளாட் அதில் கிடையாது. கை பழக்கத்தில் கீபோர்டையும் தாண்டி ஸ்டாண்டு விளிம்புக்குப் போய் அங்கே ஆடியது.

"அங்க சத்தம் வருதா மிஸ்?"

"வரும்."

அவன் காதைச் சாய்த்துக் காத்திருந்தான். விரல்களில் பாரமே இல்லை. மாலையில் அண்ணா நகரில் எவ்வளவோ முயன்றும் அப்படி வரவில்லை.

டிசம்பர் 25

கேரல் கோஷ்டி தெருவில் வந்தது. கதவைத் திறக்கவில்லை.

ஜனவரி 2, 2016

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து ஃப்ரிட்ஜை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். பியானோவுக்குத் தனியாக எழுதிக்கொடுங்கள் என்றார். மூடியைத் திறக்கச் சொல்லக்கூட இல்லை.

ஜனவரி 5

காயலான் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "உள்ள இரும்பு எவ்ளோ தேறும்மா?" நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பேரம் பேசுபவளைப் போல. வியாழக்கிழமை வருகிறாராம். டியூனருக்குப் போன் செய்தேன். மார்ச் வரை தொடாதீர்கள் என்கிறார். வியாழக்கிழமை வீட்டில் இருப்பேனா என்று தெரியவில்லை. அன்று பையனுக்குக் கிளாஸ் இருக்கிறது. மாமி வீட்டு மேஜையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று அவனே கேட்டிருக்கிறான்.