லேப்டாப்புக்குக் காய்ச்சல்

மக்களே, போன வாரம் நான் பட்ட பயம் செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட பட்டதில்லை.

என்னுடையது கேமிங் லேப்டாப். மினி லாரி ஓட்டும் அப்பா, 2 வருஷத்துக்கு முன்னால் சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிக் கொடுத்தது. "படிப்புக்குத்தானே?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா" என்றேன். பாதி உண்மை!

திடீரென்று ஒருநாள், கேம் ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் ஃபேன் ஜெட் மாதிரி இரைந்தது. திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள். அப்புறம் ஒரே இருட்டு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மொத்தமும் அதற்குள்ளேதான். வாரண்டியும் முடிந்துவிட்டது.

கடைக்கார அண்ணன் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "கிராபிக்ஸ் சிப் அவுட் தம்பி. மதர்போர்டே மாத்தணும், 28,000 ஆகும்" என்றார்.

அன்று ராத்திரி அப்பாவிடம் பேசினேன். "சாப்பிட்டியா?" என்றார். பணம் கேட்க வாய் வரவில்லை. சரி, செலவில்லாத சோதனைகளையாவது முதலில் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ப்ராஜெக்ட்டை பென் டிரைவில் காப்பி எடுத்தேன். அடுத்து, எச்டிஎம்ஐ கேபிளில் ஹாஸ்டல் டிவியோடு இணைத்தேன். டிவியிலும் அதே கட்டங்கள். அதனால் லேப்டாப் திரையிலோ அதன் கேபிளிலோ கோளாறு இல்லை. டிரைவரைச் சுத்தமாக நீக்கி மறுபடி போட்டேன். மாற்றமில்லை. கடைசியாகச் சூட்டைக் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தால், 96 டிகிரி! ஆறிய நிலையில் ஆன் செய்தால் கட்டமே இல்லை, சூடேறினால்தான் வருகிறது. சிப் முழுசாகச் செத்திருந்தால் ஆறினாலும் வந்திருக்குமே?

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தேன். ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி பாய் மாதிரி படிந்திருந்தது. தினமும் மெத்தைமேல் வைத்து விளையாடியது யார்? சாட்சாத் நானேதான். ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். சிப்பின் மேல் காய்ந்து கிடந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டேன். மெமரி சிப்களின் மேல் இருந்த பேடுகளைக் கிழியாமல் அதே இடத்தில் வைத்தேன். கேமிலும் 60 ஃப்ரேமுக்கு மேல் போகாதபடி வரம்பு வைத்தேன். செலவு 300 ரூபாய். இப்போது 80 டிகிரியைத் தாண்டுவதில்லை. கட்டங்களும் போயே போச்சு.

கடைக்கார அண்ணனையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சிப்புக்கு அடியில் இருக்கும் ஈயப் பற்றுகள் விரிசல் விடுவது உண்டு. 2008-இல் லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களில் வந்த இப்படிப்பட்ட கோளாறுக்காக என்விடியாவே 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்க வேண்டியிருந்தது. நானும் இன்னும் ஆறு மாதம் மெத்தையிலேயே ஓட்டியிருந்தால், அண்ணன் சொன்னது பலித்திருக்கும்.

மறுநாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மெத்தை உட்பட. "ரேடியேட்டர் அடைச்சா இன்ஜின் சூடாகத்தாண்டா செய்யும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அது சரி, தினமும் எத்தனை மணி நேரம் விளையாடறே?" என்றார்.

அதற்குத்தான் இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் முதலில் லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுங்கள்!