உரத்த இசையும் ஒலிபெருக்கித் தேர்வும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, பழைய மாணவர் வழமையாக எழுதும் பொருளொன்றையே நாமும் எடுத்துக்கொள்ளலாமென எண்ணினோம். ஆயின், கடந்த ஓராண்டாக எமது சிந்தையை நிறைத்திருந்தது வேறொன்று. பெரிய அறையிலே றொக் இசையை உரக்கக் கேட்பதற்குத் தகுந்த ஒலிபெருக்கி யாது என்பதே அது. முதுமையில் வேண்டாத வேலையென நகைப்போர் நகைக்க. இவ்வினாவுக்கு விடை தந்தது எமது கல்லூரிப் பௌதிக ஆய்கூடமே ஆதலின், இம்மலரில் இதற்கும் இடமுண்டெனத் துணிந்தோம்.

எழுபதுகளில், விடுதியிலே பிறர் அறியாவண்ணம் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையை மெல்லக் கேட்டு இவ்விசையில் ஈடுபட்டோம். 1986 இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தோம். பிள்ளைகள் மணமாகிச் சென்றபின், தொரன்றோவிலுள்ள எமது வீட்டின் நிலக்கீழ் அறை வெறுமையாயிற்று. அது 9 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உடையது. மெல்லக் கேட்டதை இனியேனும் உரக்கக் கேட்போமென்னும் ஆசை அங்கே பிறந்தது.

லெட் செப்பலின் குழுவினர் 1971 இல் வெளியிட்ட 'வென் த லெவீ பிரேக்ஸ்' என்னும் பாடலின் முரசொலி, இங்கிலாந்திலே ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய மாளிகையின் படிக்கட்டுக் கூடத்தில், மேலே தொங்கவிட்ட ஒலிவாங்கிகளாற் பதிவாகியது. அந்த இசைத்தட்டைக் கையோடு கொண்டு கடைக்குச் சென்றோம். மெலிந்து உயர்ந்த அழகிய ஒலிபெருக்கிகள் தாழ்ந்த ஒலியில் இனித்தன. ஒலியைக் கூட்டியதும் முரசின் அடி தட்டையாயிற்று. அதிக வலுவுள்ள விரியலாக்கி வாங்கினாற் சரியாகுமென விற்பனையாளர் கூறினார்.

அன்றிரவு எமது பௌதிக ஆசிரியரின் குரல் செவியில் ஒலித்தது. "தம்பி, தூரம் இருமடங்கானாற் செறிவு நாலிலொன்று" என்பார் அவர். உடனே தாளும் பேனாவும் எடுத்தோம். அவ்வொலிபெருக்கி 1 வாற்று வலுவுக்கு 1 மீற்றர் தூரத்தில் 87 தெசிபெல் தருவது. எமது நாற்காலி 4 மீற்றர் தூரத்தில் உள்ளது. ஆகவே 12 தெசிபெல் இழப்பு. இரண்டு ஒலிபெருக்கிகளால் 3 மீளும். முரசின் உச்ச அடிக்கு 105 தெசிபெல் வேண்டின் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 500 வாற்று தேவை. சுவர்களின் தெறிப்பு இதனைச் சிறிது குறைக்கும். ஆயினும் அத்தகைய ஒலிபெருக்கி பெறும் வலுவில் நூற்றிலொரு பங்குகூட ஒலியாவதில்லை. எஞ்சியது வெப்பமாகிச் சுருளைச் சூடாக்க, அதன் தடை கூடி, ஒலி நசுங்குகின்றது. 99 தெசிபெல் தரும் ஒலிபெருக்கிக்கோ 32 வாற்றே போதும்.

அத்தகையது எது? எமதூர்த் திருவிழாவிற் பனைமரத்திற் கட்டிய குழல் ஒலிபெருக்கி, சிறு வலுவோடு அயற்கிராமம்வரை எட்டியதன் இரகசியமே அது. அமெரிக்காவிலே போல் கிளிப்ஸ் என்பார் 1946 இல் தொடங்கிய தொழிலகத்தின் 'கிளிப்ஸ்கோர்ன்', அறையின் மூலைச் சுவர்களையே குழலின் தொடர்ச்சியாகக் கொள்வது. எமது அறையின் ஒரு மூலையிற் படிக்கட்டும் மறு மூலையில் வெப்பமூட்டியும் இருந்தமையால் அது பொருந்தவில்லை. எனவே, 15 அங்குலக் கூம்பும் அதன்மேற் குழலும் கொண்ட பழைய சோடியொன்றைப் பார்க்கச் சென்றோம். அக்கூம்பின் பரப்பு, கடையிற் கேட்ட ஆறரை அங்குலக் கூம்பின் பரப்பைப்போல் ஐந்து மடங்கு.

அங்கே ஒலி அத்துணைத் தெளிவாயிருந்தமையால் கூட்டிக்கொண்டே சென்றோம். உடன்வந்த இல்லாள் தோளைத் தொட்டபோதே திரும்பினோம். "இஞ்சாருங்கோ, மூன்று தரம் கூப்பிட்டன். கேக்கேல்லையோ?" என்றார். அடுத்த வாரம் செவிப்பரிசோதகரின் வரைபடத்தில், 4000 ஏற்சு அளவிற் கோடு பள்ளத்தில் வீழ்ந்திருந்தது. இளமையில் இசையரங்குகளிற் பெட்டிகளின் அருகே நின்றதன் விலை அது. உட்செவியின் மயிர்க்கலங்கள் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

ஆசையைக் கைவிடுவதா என ஒரு மாதம் தயங்கினோம். ஈற்றில் அந்தச் சோடியையே வாங்கினோம். இசையின் சராசரி அளவு வேறு, முரசின் உச்ச அடி வேறு. சராசரியை 88 தெசிபெல்லில் நிறுத்தினாலும், அடி 105 ஐத் தொடும்போது நசுங்காதிருத்தற்கே ஒலிபெருக்கியின் ஆற்றல் வேண்டும், ஓயாது முழக்குதற்கன்று. மலிவான கருவி கரகரத்து எம்மை எச்சரிக்கும். நல்ல கருவி எச்சரிப்பதில்லை. ஆகவே நாற்காலியருகே ஒலிமானியொன்றை வைத்துள்ளோம்.

இன்று கல்வி பயிலும் தம்பிமாருக்கு ஒரு சொல். 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவகத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 தெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 இல் எஞ்சுவது 15 நிமிடமே. செவியிற் செருகும் சிறு கருவிக்கும் இக்கணக்குப் பொருந்தும். ஆய்கூடத்திற் படித்த இக்கணக்கை நாம் நாற்பது ஆண்டுகள் பிந்தியே எம் செவிக்குப் போட்டுப் பார்த்தோம். நீவிர் இன்றே போட்டுப் பார்ப்பீராக.