முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம்

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் கொடுமுடிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் லைவ் ஒளிபரப்புக் குழுக்களுக்கு ஓய்வில்லை. அப்படி ஒரு மண்டபத்தில், ஈரோட்டிலிருந்து வந்திருந்த குழுவோடு முந்தின நாள் சாயங்காலமே போய் உட்கார்ந்துகொண்டேன். மேடையைச் சுற்றி மூன்று கேமரா, கூடத்தின் நடுவே ஒரு கிரேன், மேடையின் இரு பக்கமும் எல்இடி வால், கடைசி வரிசைக்குப் பின்னால் மேசை போட்டு, கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்விட்சர். துபாயிலும் டெக்சாஸிலும் இருக்கிற சொந்தங்கள் யூடியூப்பில் பார்க்கப்போகிறார்கள்.

எல்லாவற்றிலும் படம் வந்துவிட்டது. கிரேன் பிடிக்கிற பையனின் ஏழு அங்குல மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

“ஏனுங்ணா, நோ சிக்னல்னே காட்டுதுங்.”

“எதையும் புடுங்காத தம்பி. இரு, வர்றேன்.”

குழுவின் மூத்தவர் வந்தார். இந்த வேலையில் அவசரக்காரர்கள் கேபிளை மாற்றுவார்கள், கன்வெர்ட்டரை மாற்றுவார்கள், இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டு எதனால் சரியானது என்றே தெரியாமல் போவார்கள். அவர் முதலில் ஸ்விட்சரைப் பார்த்தார். கிரேன் கேமராவின் படம் அங்கே சுத்தமாக வந்துகொண்டிருந்தது. ஆக, கேமரா, கன்வெர்ட்டர், நீளக் கேபிள் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. பிறகு மானிட்டரைக் கழற்றி, வேறொரு கேமராவில் குட்டை எச்டிஎம்ஐ கேபிளால் நேராகச் செருகினார். படம் வந்தது. மானிட்டரும் சாகவில்லை. இரண்டு சோதனையில், குறை எந்த இடத்தில் இருக்க முடியும் என்பது மானிட்டரின் எஸ்டிஐ வாய்வரை சுருங்கிவிட்டது.

எச்டிஎம்ஐ, எஸ்டிஐ என்ற இந்த இரண்டு இணைப்புகளின் கதையைச் சொல்லியாக வேண்டும். எச்டிஎம்ஐ 2002-இல் வீட்டு டிவிக்காக வந்தது. சாதாரணக் கேபிளில் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. யாராவது கால் தடுக்கினால் கழன்றும் விடும். எஸ்டிஐ 1989-இல் தொலைக்காட்சி நிலையங்களுக்காகத் தரப்படுத்தப்பட்டது. பிஎன்சி முனையைச் செருகித் திருகினால் இழுத்தாலும் வராது. நல்ல கேபிளானால் எழுபது, எண்பது மீட்டர்கூட ஓடும். ஆனால் இன்று கல்யாணத்துக்கு வருகிற கேமராக்களில் பெரும்பாலும் எச்டிஎம்ஐ மட்டும்தான் உண்டு. அதனால்தான் கிரேன் நுனியில் ஒரு கன்வெர்ட்டரைக் கட்டி, அங்கிருந்து எஸ்டிஐயாக இறக்குகிறார்கள்.

கேமரா அனுப்பியது 1080பி50, அதாவது விநாடிக்கு ஐம்பது முழுப் படம். அதை எஸ்டிஐயில் கொண்டுபோக விநாடிக்கு 2.97 கிகாபிட் வேகம் வேண்டும். 2006-இல் வந்த 3ஜி-எஸ்டிஐ அதற்கானது. அந்த மானிட்டரின் எஸ்டிஐயோ பழைய எச்டி-எஸ்டிஐ, 1.485 கிகாபிட்டோடு நின்றுவிடும். ஐம்பது பாதிப் படமாக வரும் 1080ஐ50 அல்லது 1080பி25 கொடுத்தால் காட்டும், அதற்கு மேல் கறுப்புத்தான். அதே மானிட்டரின் எச்டிஎம்ஐ வாய் 1080பி50-ஐத் தாராளமாக வாங்கிக்கொள்ளும். ஒரு காது கூர்மை, மறு காது மந்தம்.

கிரேன் கேமராவை மட்டும் 1080ஐ50-க்கு மாற்றலாமே என்று கேட்டேன். அவர்கள் வைத்திருந்த ஸ்விட்சருக்கு எல்லாக் கேமராவும் ஒரே வடிவத்தில் வர வேண்டும். ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், எல்இடி வாலில் அசைவின் ஓரங்கள் பல்பல்லாகத் தெரியும். வடிவத்தையே மாற்றித் தருகிற கன்வெர்ட்டர் ஒன்றும் பெட்டியில் இருந்தது. ஆனால் அது படத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தரும். கையை நகர்த்திய பிறகு படம் நகர்ந்தால் கிரேன் பிடிக்கவே முடியாது. கடைசியில், எஸ்டிஐயை எச்டிஎம்ஐயாக மட்டும் திருப்புகிற சின்னக் கன்வெர்ட்டரை கிரேன் அடியில் வைத்து மானிட்டருக்கு ஒரு வழி, அதன் லூப் முனையிலிருந்து ஸ்விட்சருக்கு ஒரு வழி என்று பிரித்தார். படம் வந்தது. இருக்கிற பொருளை வைத்து இவ்வளவு தெளிவாக யோசிப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த சிக்கல் பெண்ணின் சிறுவயதுப் படங்களோடு வந்த லேப்டாப். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தொலைக்காட்சியும் விநாடிக்கு 25 பிரேம் என்ற கணக்கிலேயே வளர்ந்தது. லேப்டாப்போ 60-இல் ஓடும். டிஸ்ப்ளே அமைப்பில் 50 என்று மாற்றியதும் ஸ்விட்சர் ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர் கேமராவை நீட்டும்போதும் இதே கதைதான், அது பெரும்பாலும் 59.94-இல் இருக்கும். ஷட்டரும் அறுபதிலேயே இருந்தால் மண்டபத்து விளக்குகள் படத்தில் துடிக்கும். ஐம்பதிலோ நூறிலோ வைத்தால் அடங்கிவிடும். ஓடிடி ஸ்டிக்கைச் செருகிப் பாட்டுப் போடச் சொன்னால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. எச்டிசிபி என்ற நகல் காப்புப் பூட்டு இருக்கிற படத்தை எஸ்டிஐ கன்வெர்ட்டர் கடத்தாது. அது குழுவின் குறையல்ல.

இத்தனைக்கும் அவர்கள் அதிகம் அஞ்சுவது கரண்டுக்கு. ஜெனரேட்டருக்கு மாறும் அந்த நொடியில் கன்வெர்ட்டர்கள் அணைந்து எழும். மானிட்டரும் ஸ்விட்சரும் சிக்னலை மறுபடி பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில் அந்தச் சில விநாடிகள் போனால் தாலி கட்டியது போனதுதான். அதனால் ஒவ்வொரு கன்வெர்ட்டரையும் பேட்டரியிலோ யுபிஎஸ்ஸிலோ கட்டியிருந்தார்கள். எல்இடி வாலும் ஸ்விட்சரும் வேறு வேறு லைனில் இருந்தால் எர்த் வேறுபட்டு எச்டிஎம்ஐ முனை கருகக்கூடும் என்பதால், அணைத்துவிட்டுத்தான் செருகினார்கள்.

இதையெல்லாம் முந்தின சாயங்காலமே பார்க்க முடிந்தது, மண்டபம் அவர்கள் கைக்கு அப்போதே கிடைத்ததால்தான். இணைச்சீர்ச் சடங்குக்கு நாற்காலி போடும்போது உள்ளே விடப்படும் குழுவால் இது முடியாது. கல்யாணம் வைத்திருக்கிறவர்களே, லைவுக்குப் பேசும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் மண்டபத்தையும், தனியாக ஒரு மின் லைனையும், போடப்போகிற வீடியோவை ஒரு பென்டிரைவிலும் கொடுத்துவிடுங்கள்.