பழைய வள்ளம் வாங்கிய கதை

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது நம்மவர் பழமொழி. கடற்கரையூர்களில் வாழ்வோரைக் கேட்டால், மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்வர்: பாவித்த வள்ளம் ஒன்றை வாங்கிப் பார் என்பதே அது. அதன் பொருள் சென்ற பங்குனி மாதத்திலே எமக்கு நன்கு விளங்கிற்று.

எம் தமக்கையார் பருத்தித்துறைப் பக்கத்திலே வசிப்பவர். பல்லாண்டுகளுக்கு முன்னர் ஒரு மார்கழி மாதத்து வாடைக்காற்றிலே கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். அவருடைய ஒரே மைந்தன் நான்காண்டுகளாகச் சம்மாட்டி ஒருவரின் படகிலே பங்குக்குத் தொழில் செய்து வந்தான். சொந்தமாக ஒரு வள்ளம் வேண்டும் என்பது அவனது கனவு. புதியது வாங்கப் பொருள் போதாது. பெட்டியிலே கிடந்த தாலிக்கொடியைத் தமக்கையார் வங்கியில் அடகு வைத்துக் கொடுத்தார். "பணம் போனால் வரும். நீ கூடப் போய்ப் பார்" என்று எமக்குச் சொல்லியனுப்பினார். பள்ளிக்கூடத்திலே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற எமக்கு வள்ளத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆயினும் மறுக்க மனம் வரவில்லை.

யாழ்ப்பாணத்திலே அதிகாலையில் பஸ் ஏறினோம். நீர்வேலியின் வாழைத் தோட்டங்களையும் செம்மண் வயல்களையும் கடந்து, அச்சுவேலியைத் தாண்டியதும் காற்றிலே உப்பு மணம் கலந்தது. தொண்டைமானாற்றிலே செல்வச்சந்நிதி முருகன் ஆலயத்தைக் கண்டு கைகூப்பினோம். அங்கிருந்து கீழ்த்திசை நோக்கித் திரும்பிய வீதி கடலை ஒட்டியே செல்கின்றது. பங்குனி மாதத்துக் கடல் குளம்போல் அடங்கிக் கிடந்தது. மார்கழியில் இதே கடல் மதில்களை மோதும் என்று சொன்னால் புதியவர் எவரும் நம்பமாட்டார்.

வல்வெட்டித்துறைச் சந்தியிலே மருமகன் காத்து நின்றான். இந்த ஊரைப் பற்றி இளம் வாசகர்களுக்கு ஒரு செய்தி கூறவேண்டும். வேம்பும் இலுப்பையும் கொண்டு பாய்க்கப்பல்கள் கட்டி, இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் செலுத்தியவர்கள் இவ்வூரவர். இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கினார். புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று புதுப்பெயர் பெற்ற அக்கப்பலை இவ்வூர் மாலுமிகளே செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்திற் சேர்த்தனர். "அதுவும் பாவித்த கப்பல்தானே, மாமா!" என்றான் மருமகன். அந்த வாதத்துக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

நாம் தேடிச் சென்றது பெரிய தொழிற்சாலை எதனையுமன்று. பூவரச மரங்களின் நிழலிலே, தகரக் கூரையின் கீழ், முதியவர் ஒருவர் மகனோடும் இரண்டு வேலையாட்களோடும் தொழில் நடத்தும் சிறிய கொட்டில் அது. முதியவரின் தகப்பனார் மரக்கலங்கள் கட்டிய ஓடாவி. இவரோ உளியையும் வாய்ச்சியையும் விட்டு, கண்ணாடி நாருக்கு மாறியவர். 1960களின் பிற்பகுதியிலே நோர்வே நாட்டு உதவியுடன் காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் அந்தப் புதிய தொழிலை நம் பகுதிக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கரைகளிலே காணும் சிறு வள்ளங்களிற் பெரும்பாலானவை அவ்வகையினவே.

முதியவர் வேலையை நிறுத்தாமலே அதன் முறையை எமக்கு விளக்கினார். வள்ளத்தின் வடிவிலே அச்சு ஒன்று உண்டு. அதன் உட்புறத்திலே மெழுகு பூசி, அதன்மேல் நிறச் சாந்தைத் தடவுவர். பின்னர் கண்ணாடி நார்ப் பாயைப் பரப்பி, இறுகச் செய்யும் மருந்து கலந்த ரெசினை ஊற்றி, உருளையால் அழுத்தி உருட்டுவர். இப்படியே படை மேல் படையாக வளரும். "படைகளுக்கிடையிலே காற்று நிற்கக்கூடாது. காற்று நின்ற இடத்திலே நாளைக்குத் தண்ணீர் நிற்கும்" என்றார் அவர்.

கொட்டிலின் ஓரத்திலே விற்பனைக்கு இரண்டு வள்ளங்கள் இருந்தன. ஒன்று நீல நிறம் பூசி மணப்பெண்போல் மினுங்கிற்று. 23 அடி நீளம். இயந்திரமும் சேர்த்தே விலை. மற்றையது 18 அடி. வெயிலிலே வெளுத்து, தொட்டால் கையிலே மாப்போல் ஒட்டிற்று. இரண்டு இடங்களிலே ஒட்டுப் போட்ட தழும்புகள் வேறு. மருமகனின் கண் நீல வள்ளத்தை விட்டு அகலவில்லை. விலையைக் கேட்டோம். எங்கள் கையிலிருந்த பணத்துக்குச் சரியாக இருந்தது. அவன் மடியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான்.

முதியவர் அப்போதுதான் வேலையை விட்டு எழுந்து வந்தார். "தம்பி, பொறு. உதின்ரை கதையைக் கேட்டுப்போட்டுக் காசை எடு" என்றவர், சட்டைப் பையிலிருந்து நாணயம் ஒன்றை எடுத்து நீல வள்ளத்தின் பக்கங்களைத் தட்டிக்கொண்டே போனார். அணியத்திலே கணீரென்ற ஓசை, நடுவிலும் அவ்வாறே. கடையாலிலே, இயந்திரம் பூட்டும் பலகையை நெருங்கியதும், ஓசை பழுத்த பூசணிக்காயைத் தட்டியதுபோல் மங்கிற்று. அந்தப் பலகைக்கு உள்ளே மரம் வைத்திருப்பர். முன்னைய சொந்தக்காரர் பாரமான இயந்திரம் பூட்டுவதற்காகப் புதிதாகத் துளைகள் இட்டு, அவற்றைச் சரியாக அடைக்காமல் விட்டுவிட்டார். துளை வழியே இறங்கிய நீர் மரத்தை உள்ளேயே உக்கச் செய்துவிட்டது. வெளியே பூசிய நீலம் அதனை மறைத்தது.

"இது நான் கட்டின வள்ளம்தான். விற்றுக் கொடுத்தால் எனக்கும் ஒரு பங்கு வரும். ஆனால் என்ரை பிள்ளையை இதிலே கடலுக்கு விடமாட்டன். பலகையை வெட்டி எடுத்துப் புதிதாய் வைக்கவேண்டும். அதுக்கு உன்னட்டைக் காசு மிஞ்சாது" என்றார் முதியவர்.

மருமகன் பேசவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்த பின்னர், இழந்த படகுகளுக்கு ஈடாக அவசரமாகக் கட்டி வழங்கப்பட்டவற்றிலே தரம் குறைந்தவை பல இருந்தன. அந்த நாள்களை நினைவூட்டினார் முதியவர். வண்ணத்தைப் பார்த்து வாங்கியவர்கள் பின்னர் எவ்வாறு தவித்தனர் என்பதை அவர் கண்டவர். "வள்ளம் பார்க்கிறதென்றால் முதலிலே கடையாலைப் பார். பிறகு அடியைப் பார். கொப்புளம் இருக்கிறதோ என்று தடவிப் பார். நாலு பேரைக்கொண்டு தூக்கிப் பார். அளவுக்கு மிஞ்சின பாரமென்றால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது" என்றார்.

வெளுத்த வள்ளத்தை அவ்வாறே சோதித்தோம். தட்டிய இடமெல்லாம் ஒரே ஓசை. தழும்புகள் பாறையிலே உரசியவை; ஒட்டுப் போட்டவரும் அவரே. விலை பாதிக்குச் சற்று மேல். இயந்திரம் இல்லை. மிஞ்சும் பணத்துக்குப் பழைய இயந்திரம் ஒன்றைத் தேடலாம். ஆயினும் 23 அடியைக் கனவு கண்டவனுக்கு 18 அடி கசந்தது. "சின்ன வள்ளத்தோடு ஆழத்துக்குப் போக ஏலாது, மாமா" என்றான். "கரையோரத்திலே தொழில் செய், இரண்டு வருஷத்திலே பெரிதாக்கலாம்" என்றோம். நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவன், இறுதியிலே வெளுத்த வள்ளத்தின் விளிம்பிலே கை வைத்தான்.

விற்பவரை அழைத்துக்கொண்டு கடற்றொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்குச் சென்று, வள்ளத்தின் பக்கத்திலே எழுதிய பதிவிலக்கத்தையும் பத்திரத்தையும் ஒப்புநோக்கி, பெயரை மாற்றுவித்த பின்னரே முழுப் பணத்தையும் கொடுத்தோம். அதுவும் முதியவரின் அறிவுரையே.

பத்து நாள்களின் பின், பழைய இயந்திரம் ஒன்றைப் பூட்டிக்கொண்டு, மருமகனும் நாமும் கடல் வழியாகவே வீடு திரும்பினோம். பொலிகண்டிக் கரை வலப்புறத்திலே மெல்லப் பின்சென்றது. கடையாலிலே அமர்ந்து இயந்திரத்தைப் பிடித்திருந்தவன் முகத்தை நாம் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சீழ்க்கையடிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

கரையிலே தமக்கையார் நின்றார். வள்ளத்தின் நிறத்தையோ நீளத்தையோ அவர் கேட்கவில்லை. சேலையைச் சற்றே உயர்த்திக்கொண்டு நீரில் இறங்கி வந்து, விளிம்பின் மேலாகக் குனிந்து, வள்ளத்தின் அடித்தட்டிலே உள்ளங்கையை வைத்து எடுத்துப் பார்த்தார். கை உலர்ந்திருந்தது.

"வாருங்கோ, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார்.