டெம்ஸ்டர் ரோட்டும் அப்பா பூட்டின தகடும்

ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த எனக்கு ரோட்டு என்றால் தார் போட்டதுதான். போன கோடையில் கேம்பர் வானில் யூக்கொன் போவோம் என்று வீட்டில் சொன்னபோது, அப்பா கேட்ட முதல் கேள்வி: "அங்க ரோட்டு தாரோ, கிறவலோ?"

கிறவல்தான். டோசன் சிற்றிக்குக் கிழக்கே 40 கிலோமீற்றரில் தொடங்கி, இனுவிக் வரை 700 கிலோமீற்றருக்கு மேல் போகிறது டெம்ஸ்டர் நெடுஞ்சாலை. நிலத்துக்கு அடியில் எப்போதும் உறைந்திருக்கும் மண். அது உருகினால் ரோட்டே தாழ்ந்துபோகும். அதனால் 1.2 முதல் 2.4 மீற்றர் தடிப்புக்குச் சல்லி கொட்டி உயர்த்தியிருக்கிறார்கள். அந்தச் சல்லி கத்தி மாதிரிக் கூர்.

அப்பா வானுக்குக் கீழே ரோர்ச் அடித்துப் பார்த்தார். "ஒயில் பான் வெளியில தெரியுது தம்பி. ஒரு கல்லு காணும்." ஒயில் வடிந்தால் எஞ்சின் போச்சு. அந்த ரோட்டில் பெரும்பாலும் போன் சிக்னலும் இல்லை. தொடக்கத்திலிருந்து 369 கிலோமீற்றர் போனால்தான் ஈகிள் பிளெயின்ஸில் எரிபொருள் கிடைக்கும்.

ஸ்கிட் பிளேட் வாங்கினோம். இரும்பு உறுதி, ஆனால் பாரம். அலுமினியம் அதன் மூன்றிலொரு பங்கு பாரம்தான். எங்கள் வானில் ஏற்கெனவே தண்ணி, பற்றரி, கட்டில் எல்லாம் இருந்ததால் அலுமினியம் எடுத்தோம். ஒயில் மாற்ற ஓட்டை விட்டிருக்கோ, சைலென்சர் பைப்பில் முட்டாமல் இடைவெளி இருக்கோ என்று பார்த்து வாங்குங்கோ.

பூட்டுகிற அன்று என் மகனையும் கூப்பிட்டேன். அவனுக்கு 11 வயது. அப்பப்பா தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்லுவான். அப்பாவும் கொஞ்சக் காலமாகக் கேட்பதை நிறுத்தியிருந்தார். அதைப் பற்றி வீட்டில் நாங்கள் ஒருவரும் கதைப்பதில்லை.

ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக்கூடாது என்றார் அப்பா. ஸ்டாண்ட் வைத்து, வானை ஆட்டிப் பார்த்தபிறகுதான் படுத்தார். நான் முதல் போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டேன். மற்ற ஓட்டைகள் பொருந்தவில்லை. "எல்லாத்தையும் கழட்டு. முதல்ல கையால எல்லாத்தையும் பிடிக்கவிடு, பிறகு இறுக்கு." மகன் சிரித்தான். பிறகு ஸ்பானர் அவன் கைக்குப் போனது. "இறுக்கு", "தளர்த்து", "காணும்". வானுக்குக் கீழே இரண்டு சோடிக் கால்கள்தான் தெரிந்தன. பின்னேரம்வரை தமிழ் கேட்டது.

டெம்ஸ்டரில் முதல் பெரிய சத்தம் டூம்ஸ்டோன் மலைகள் தாண்டியபிறகு கேட்டது. அடியில் டங்கென்று ஒரு அடி. எல்லாருக்கும் மூச்சு நின்றது. பின்சீற்றிலிருந்து மகன் கத்தினான்: "அப்பப்பா, தகடு!" நிறுத்திப் பார்த்தோம். தகட்டில் ஒரு பள்ளம். ஒயில் பானில் ஒன்றுமில்லை. அதற்கு 60 கிலோமீற்றர் பிறகு ரயர் போனது. தகடு ரயரைக் காக்காது. முழு அளவு ஸ்பெயர் ரயர் இல்லாமல் அங்கே போகாதேங்கோ.

405ஆம் கிலோமீற்றரில் ஆர்க்டிக் வட்டப் பலகை. இராத்திரி பத்து மணிக்கும் நல்ல வெயில். "ஊரில இந்நேரம் லாம்பு கொளுத்தியிருப்பம்" என்றார் அப்பா. "லாம்பு எண்டால்?" என்று மகன் கேட்டான். அப்பா சொல்லத் தொடங்கினார். நான் குறுக்கே மொழிபெயர்க்கவில்லை.

தூசி அடங்க அந்த ரோட்டில் கல்சியம் குளோரைட் போடுகிறார்கள். அந்தச் சேறு உலோகத்தை அரிக்கும். திரும்பி டோசனுக்கு வந்ததும் அடியைக் கழுவி, போல்ட்டுகளைப் பார்க்கவேண்டும். நான் இறங்குவதற்கு முதலே ரோர்ச்சும் ஸ்பானரும் போய்விட்டன. வானுக்குக் கீழேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது:

"அப்பப்பா, இது கொஞ்சம் லூஸ். இறுக்கவோ?"